கறுப்புக் காயும் ஒரு பிஸ்கட் டின்னும்

சதுரங்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, என் அப்பா செபராங் பிறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவர் காலமான பிறகு அலமாரியை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறைய தபால் அட்டைகள் கிடைத்தன. வெளிநாட்டு ஸ்டாம்பு, எல்லாம் 1970களின் முத்திரை. கடிதம் என்று எதுவும் இல்லை, வெறும் எண்கள், அதுவும் நாலு நாலாக. ஓர் அட்டையில் ‘5254 5755, 7163 2836, 6134 7866, 6375 4745, 5445’ என்று இருக்கிறது. அதன் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்தில் பென்சிலால் ‘2725’. என் தம்பி, அப்பா நமக்குத் தெரியாமல் நாலு நம்பர் லாட்டரி எடுத்துக்கொண்டிருந்தார் என்கிறான். அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. டின்னுக்குள் ஒரு சின்ன மடக்குப் பலகையும் இருந்ததால் உங்களுக்கு எழுதுகிறேன். இது என்ன?
ஒரு வாசகி, பட்டர்வொர்த்

பதில்: தம்பியிடம் சொல்லிவிடுங்கள் அம்மா, அது நாலு நம்பர் இல்லை. உங்கள் அப்பா தபாலில் சதுரங்கம் ஆடியிருக்கிறார். கடிதத்தைப் படித்து முடித்ததும் நான் பலகையை எடுத்து அந்த எண்களை வைத்துப் பார்த்தேன், எனக்குக் கை நடுங்கியது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் எண்கள். பலகையை வெள்ளைக் காய் வைத்திருப்பவர் பக்கமிருந்து பாருங்கள். இடமிருந்து வலமாக எட்டு நீள வரிசைகள், அவற்றுக்கு 1 முதல் 8. கீழிருந்து மேலே போனாலும் 1 முதல் 8. ஆக ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு இலக்கம் கிடைக்கிறது. காய் எந்தக் கட்டத்தில் இருந்தது, எந்தக் கட்டத்துக்குப் போனது என்று சேர்த்து எழுதினால் நாலு இலக்கம். 5254 என்றால் ஐந்தாவது வரிசையில் 2இல் நின்ற சிப்பாய் 4க்குப் போகிறது, புத்தகங்களில் நீள வரிசைகளுக்கு எண்ணுக்குப் பதிலாக ஏ முதல் எச் வரை எழுத்து வைத்து ஈ4 என்று போடுவார்களே அதுதான். 5755 கறுப்பின் பதில், ஈ5. 7163 என்பது ராஜா பக்கத்து வெள்ளைக் குதிரை கிளம்புவது. ராஜா கோட்டை கட்டுவதையும் (ராஜா இரண்டு கட்டம் நகர, மூலையில் நிற்கும் யானை அதைத் தாண்டி வந்து பக்கத்தில் நிற்பது) இப்படியே, ராஜாவின் நகர்வாக மட்டும் எழுதினால் போதும், வெள்ளைக்கு 5171. ஏன் இத்தனை சுற்று என்றால், ஆங்கிலத்தில் குதிரைக்கு ஓர் எழுத்து, ஜெர்மனில் வேறு, ரஷ்ய மொழியில் இன்னொன்று. எண்ணில் எழுதினால் செபராங் பிறைத் தோட்டத்துக் கிராணியும் பிராக் நகரத்து ஆசிரியரும் ஒரு வார்த்தை பேசாமல் மூன்று வருஷம் ஆடலாம். ஆடினார்கள்.

இதற்கு உலக அமைப்பே உண்டு. அனைத்துலகத் தபால் சதுரங்கச் சம்மேளனம், சுருக்கமாக ஐசிசிஎஃப், 1951இல் உருவானது. அட்டைகளை இன்னொரு தடவை பாருங்கள், மூலையில் இரண்டு தேதிகள் இருந்தால் ஒன்று உங்கள் அப்பாவின் அட்டை எதிராளி கைக்குப் போய்ச் சேர்ந்த நாள், மற்றது அவர் பதில் எழுதிய நாள். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் கணக்கு. அட்டை கப்பலிலோ விமானத்திலோ வந்துகொண்டிருக்கும் நாட்களுக்கு யாரும் பொறுப்பில்லை.

நானும் 1980களில் ஜெலுத்தோங்கில் இருந்துகொண்டு கொஞ்ச காலம் இப்படி ஆடியவன். ஒரு தடவை யானையை எஃப்8இலிருந்து ஈ8க்கு நகர்த்த நினைத்தேன், 6858 என்று எழுத வேண்டும், இரவு வெகுநேரம் ஆகிவிட்டதால் 6848 என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். யானை டி8க்குப் போவதும் செல்லுபடியாகும் நகர்வுதான், அதனால் அதுவே என் நகர்வு, திருத்தக் கேட்க முடியாது. ஒரு குதிரை போனது, அப்புறம் ஆட்டமும் போனது. அன்றிலிருந்து எண்ணை எழுதிவிட்டு, எழுதியதைப் பார்த்தே பலகையில் ஆடிப் பார்ப்பேன். உங்கள் அப்பா பென்சிலால் முதலில் ஓரத்தில் எழுதியதும் அதற்காகத்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்த அட்டை. வெள்ளை 5445 என்று எழுதியதோடு நிற்கிறது, அடுத்து உங்கள் அப்பா பதில் சொல்ல வேண்டும். அப்படியென்றால் அவர்தான் கறுப்பு. ஆட்டம், இரு குதிரைத் தற்காப்பு என்று சொல்கிற பழைய திறப்பு, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வு வரிசை. வெள்ளை நாலாவது நகர்விலேயே குதிரையை ஜி5க்குக் கொண்டுவந்து, ராஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் எஃப்7 சிப்பாயைக் குறி வைக்கிறது. கறுப்பு டி5 என்று நடுவில் தடுக்கிறது, வெள்ளை அந்தச் சிப்பாயை வெட்டுகிறது. இங்கே நூற்றுக்கு எண்பது பேர் குதிரையை ஏ5க்கு அனுப்பி வெள்ளை மந்திரியை, குறுக்கே ஓடும் காயை, விரட்டுவார்கள், பத்திரமான வழி. உங்கள் அப்பா பென்சிலில் எழுதியது 2725. பி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, மந்திரியின் வாய்க்கு நேரே வைப்பது. என் கை நடுங்கியது இங்கேதான், ஏனென்றால் தபால் சதுரங்க வரலாற்றிலேயே பெரிய பெயர் வாங்கிய ஓர் ஆட்டத்தில் கறுப்பு ஆடிய ஐந்தாவது நகர்வு இதே 2725. அந்த ஆட்டத்தை உங்கள் அப்பா எங்காவது பார்த்தாரா, தானே கண்டாரா என்று அட்டை சொல்லவில்லை. டின்னில் அடுத்த அட்டை இருந்தால் எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: கறுப்புக் காய் என்றாலே ஒரு நகர்வு பின்தங்கித்தான் தொடங்குகிறோம். டிரா கிடைத்தால் போதும் என்று ஆடுவதில் என்ன தவறு? கறுப்பு நிஜமாகவே ஜெயித்த தபால் ஆட்டம் ஒன்றை விளக்க முடியுமா?
தொழிற்சாலை டெக்னீசியன், பாயான் லெப்பாஸ்

பதில்: நல்ல நேரத்தில் கேட்டீர்கள். மேலே சொன்ன ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம்.

ஐந்தாவது உலகத் தபால் சதுரங்கப் போட்டி, 1965 முதல் 1968 வரை நடந்தது. வெள்ளை, சோவியத் நாட்டின் யாக்கோவ் எஸ்ட்ரின். கறுப்பு, அமெரிக்காவின் ஹான்ஸ் பெர்லினர். எஸ்ட்ரின் சாதாரண ஆளில்லை, இரு குதிரைத் தற்காப்பைப் பற்றியே ஆழமாக எழுதியவர், பின்னாளில் ஏழாவது உலகத் தபால் சாம்பியனும் ஆனார். அப்படிப்பட்டவரிடம் அவருடைய சொந்த வீட்டுத் திறப்பிலேயே போய் நின்றார் பெர்லினர். பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். நான் யானை என்பது மூலையில் நிற்கும் காய், மந்திரி என்பது குறுக்கே ஓடும் காய்.

5ஆவது நகர்வு கறுப்புச் சிப்பாய் பி5. எஸ்ட்ரின் அதை வெட்டவில்லை, மந்திரியைக் கிளம்பிய இடமான எஃப்1க்கே திருப்பிவிட்டார். பார்க்கப் பயந்தாங்கொள்ளித்தனம் போல இருக்கும், ஆனால் அதுதான் நல்ல நகர்வு. கறுப்புக் குதிரை டி4க்குப் பாய்ந்தது, வெள்ளை சி3 என்று அதைத் தாக்கியது, கறுப்பின் இன்னொரு குதிரை டி5இல் சிப்பாயை வெட்டியது. வெள்ளைக் குதிரை ஜி5இலிருந்து ஈ4க்கு ஒதுங்க, கறுப்பு ராணி எச்4க்கு வந்தது. குதிரை இன்னும் ஒரு தடவை ஓடி ஜி3. கறுப்பு மந்திரி ஜி4. வெள்ளை 10ஆவது நகர்வில் எஃப்3 என்று அந்த மந்திரியையும் தாக்கியது.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். கறுப்பின் இரண்டு காய்கள் ஒரே நேரத்தில் சிப்பாய்களின் வாயில் இருக்கின்றன, டி4இல் குதிரை, ஜி4இல் மந்திரி. நம் மாணவர்கள் யாராக இருந்தாலும் எதைக் காப்பாற்றலாம் என்றுதான் யோசிப்பார்கள். பெர்லினர் எதையும் காப்பாற்றவில்லை. ஈ வரிசைச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார், ஈ4. வெள்ளை குதிரையை வெட்டியது. பெர்லினர் அப்போதும் மந்திரியை நகர்த்தாமல் இன்னொரு மந்திரியை டி6க்குக் கொண்டுவந்து ஜி3 குதிரையைக் குறி வைத்தார். வெள்ளை மந்திரி பி5இல் செக் கொடுத்தபோது ராஜாவை டி8க்கு நடத்தினார், கோட்டை கட்டும் உரிமை போனது, அவர் அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை.

அடுத்தடுத்து வெட்டுகள், 18ஆவது நகர்வு வரை. அங்கே பலகையைப் பாருங்கள். காய்க் கணக்கில் வெள்ளைதான் கொஞ்சம் மேலே, ஒரு யானைக்குப் பதிலாக இரண்டு மந்திரிகள். ஆனால் வெள்ளையின் ராணி, ராணிப் பக்கத்து யானை, குதிரை, மந்திரி நாலும் ஆட்டம் தொடங்கிய கட்டத்திலேயே நிற்கின்றன. 18 நகர்வில் வெள்ளையின் பாதிப் படை வீட்டை விட்டு இறங்கவில்லை! வெள்ளை ராஜா மூலையில், கறுப்பு ராணி நட்டநடுவில். கறுப்பு யானை பி8இலிருந்து பி6க்கு ஏறி எச்6க்குப் போகக் காத்திருக்கிறது. கறுப்பு ஆடியது தற்காப்பு என்று யார் சொல்வார்கள்?

எல்லோரும் இந்தத் தாக்குதலைத்தான் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. ஏனென்றால் எஸ்ட்ரினும் லேசில் விடவில்லை. 24ஆவது நகர்வில் அவருடைய குதிரை சி4க்கு வந்து கறுப்பு ராணியையும் யானையையும் ஒரே அடியில் தாக்குகிறது. பெர்லினர் யானையை விட்டுக் கொடுத்து ராணியால் ஜி3 சிப்பாயை வெட்டுகிறார், தன் சிப்பாயை ஜி வரிசையிலிருந்து எச்3க்கும் ஜி2க்கும் வெட்டிக்கொண்டே இறக்குகிறார், ராணிகள் மாறிக்கொள்கின்றன, 28ஆவது நகர்வில் புகை அடங்கும்போது பலகையில் ஆளுக்கு ஒரு யானை, கறுப்புக்கு நாலு சிப்பாய், வெள்ளைக்கு மூன்று. அவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் கிடைத்தது ஒரே ஒரு சிப்பாய்! யானை முடிவாட்டத்தில் ஒரு சிப்பாய் அதிகம் என்பது பெரும்பாலும் டிராவில் முடியும், நேருக்கு நேர் ஆடுகிறவர்கள் களைத்துப் போய்க் கை குலுக்கிவிடுவார்கள்.

பெர்லினர் 31ஆவது நகர்வில் செய்ததைப் பாருங்கள். கையில் இருந்த அந்த ஒரு சிப்பாயையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். யானையை சி8க்கு நகர்த்தி, எஃப்7ஐ வெட்டிக்கொள் என்று திறந்து விட்டார். வெள்ளை வெட்டியது, மூன்றுக்கு மூன்று, சமம். உடனே கறுப்பு யானை சி7க்கு வந்து யானைகளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது. மாற்றிக்கொண்டால் எச் வரிசையில் தனியே ஓடும் கறுப்புச் சிப்பாயைப் பிடிக்க வெள்ளை ராஜா அங்கே போயாக வேண்டும், அதற்குள் கறுப்பு ராஜா நடுவில் நுழைந்து மற்ற சிப்பாய்களை வாரிவிடும். அதனால் வெள்ளை யானை எஃப்2க்குப் பின்வாங்கியது. கறுப்பு ராஜா ஈ5, டி4, அப்புறம் டி3இல் சிப்பாயை வெட்டியது, பிறகு சி2. ராஜா தனியாக எதிரி வீட்டுக்குள் நடந்து போகிறது. 42ஆவது நகர்வில் பி வரிசைச் சிப்பாய் பி3க்கு வந்ததும் எஸ்ட்ரின் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பெர்லினர் அந்தப் போட்டியில் 16 ஆட்டத்தில் 14 புள்ளி எடுத்து, அடுத்தவர்களைவிட மூன்று புள்ளி முன்னால் நின்று சாம்பியன் ஆனார். 20ஆம் நூற்றாண்டின் சிறந்த நூறு ஆட்டங்களை வரிசைப்படுத்திய ஓர் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் இதை முதலிடத்தில் வைத்தார். பின்னால் ஆராய்ந்தவர்கள் வெள்ளைக்கு நடுவில் இதைவிட நல்ல நகர்வுகள் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மை. அதனால் என் மரியாதை குறையவில்லை.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். தற்காப்பு என்ற சொல்லே நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் டிஃபென்ஸ் என்று இருப்பதை நாம் தற்காப்பு என்று எடுத்துக்கொண்டோம், உடனே பதுங்குவது என்று மனத்தில் பதிந்துவிடுகிறது. சிலம்பத்தையும் தற்காப்புக் கலை என்றுதான் சொல்கிறோம், கம்பைத் தடுக்க மட்டுமா பிடிக்கிறோம்? வெள்ளை ஒரு கேள்வி கேட்கிறது, கறுப்பு பதில் சொல்கிறது, நல்ல பதில் என்பது பல சமயம் எதிர்க்கேள்விதான். நேருக்கு நேர் ஆட்டத்தில் அந்த எதிர்க்கேள்வியைத் தேட நேரம் இருக்காது, மணி ஓடும், பயம் வரும், பத்திரமானதை ஆடிவிடுவோம். தபாலில் ஒரு நகர்வுக்கு மூன்று நாள் உட்காரலாம். முதல் நாள் பயம் இருக்கும், இரண்டாம் நாள் குறையும், மூன்றாம் நாள் ஈ4 கண்ணில் படும். டிரா போதும் என்று உட்கார்ந்தால் மூன்று நாளும் எதைக் காப்பாற்றலாம் என்பதிலேயே போய்விடும், தவறு அங்கேதான்.

கேள்வி: ஒரு தபால் ஆட்டம் முடிய எவ்வளவு காலம் ஆகும்?
ஒரு வாசகர், செந்தூல்

பதில்: அட்டைக் காலத்தில் வழக்கமான கணக்கு, பத்து நகர்வுக்கு ஆளுக்கு 30 நாள். 40 நகர்வு ஆட்டம் என்றால் ஆளுக்கு 120 நாள், அதோடு அட்டை பயணம் செய்த நாட்களையும் கூட்டுங்கள். இரண்டு மூன்று வருஷம் சாதாரணம். லண்டனும் எடின்பரோவும் 1824இல் தொடங்கிய தபால் போட்டி 1828 வரை போனது, ஆடியது ஐந்தே ஆட்டம். இப்போது இணையத்தில் அட்டைப் பயணம் கிடையாது, பத்து நகர்வுக்கு 50 நாள் என்று வைத்து ஆடுகிறார்கள்.

கேள்வி: நான் படிவம் 4 மாணவன். எங்கள் பள்ளிக் குழுவில் எனக்கு எப்போதும் கறுப்பில் ஆடத் தெரியவில்லை, தோற்றுக்கொண்டே இருக்கிறேன். பயிற்சியாளர் ‘கிளாசிக்கல் பிரெஞ்சு ஆடு’ என்கிறார். கிளாசிக்கல் என்றால் பழையது என்று அர்த்தமா? பழையதை ஏன் படிக்க வேண்டும்?
மாணவர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: தம்பி, உன் பயிற்சியாளர் சரியாகத்தான் சொல்கிறார். முதலில் பெயரைப் பார்ப்போம். பிரெஞ்சுத் தற்காப்பு என்பதற்கு அந்தப் பெயர் வந்ததே ஒரு தபால் ஆட்டத்தால்தான். 1834இல் பாரிஸ் ஆட்டக்காரர்களுக்கும் லண்டன் ஆட்டக்காரர்களுக்கும் கடிதம் வழியாகப் போட்டி தொடங்கியது, 1836 வரை நடந்தது, மொத்தம் இரண்டு ஆட்டம். லண்டன் வெள்ளையாக ஈ4 என்று தொடங்கிய ஆட்டத்தில், அந்தக் காலத்தில் எல்லோரும் ஈ5 என்று நேராகப் போய் முட்டுவார்கள், பாரிஸ் குழுவில் ஷாமுயே என்பவர் மற்றவர்களைச் சம்மதிக்க வைத்து ஈ6 என்று ஒரே ஒரு கட்டம் தள்ளினார்கள். பாரிஸ் ஜெயித்தது, இரண்டு ஆட்டத்திலும். அன்றிலிருந்து ஈ6க்குப் பிரெஞ்சு என்று பெயர். கறுப்பு தபாலில் ஜெயித்ததால் ஒரு திறப்புக்கே பெயர் வந்திருக்கிறது, பார்த்தாயா?

கிளாசிக்கல் என்ற சொல் சதுரங்கத்தில் பல இடத்தில் வரும், எல்லாம் ஒன்றில்லை. ஸ்பானிய ஆட்டம் என்ற திறப்பில் கறுப்பு மூன்றாவது நகர்வில் மந்திரியை சி5இல் வைத்தால் அதுவும் கிளாசிக்கல்தான், ராஜா கேம்பிட் என்ற திறப்பில் வெள்ளை பலி கொடுக்கும் சிப்பாயை வெட்டி வாங்கிக்கொண்டு, வெட்டிய சிப்பாயை ஜி5 என்று தாங்கினால் அதற்கும் அதே பெயர். பொதுவான எண்ணம் இதுதான்: நடுவில் சிப்பாயை வை, காய்களை அவற்றுக்கு இயல்பான கட்டத்துக்குச் சீக்கிரம் கொண்டுவா. பிரெஞ்சில் கிளாசிக்கல் என்றால் ஈ4 ஈ6, டி4 டி5, வெள்ளைக் குதிரை சி3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளை ஈ5 என்று தள்ளினால் உன் குதிரை டி7க்குப் பின்வாங்கும். பின்வாங்கியதும் தோற்றுவிட்டதாக நினைக்காதே. வெள்ளையின் சிப்பாய்கள் இப்போது டி4, ஈ5 என்று சங்கிலியாக நிற்கின்றன, சங்கிலியை அதன் வேரில் வெட்ட வேண்டும், வேர் டி4. அதனால் சி5 தள்ளு, குதிரையை சி6இல் வை, ராணியை பி6க்குக் கொண்டுவர முடியுமா என்று பார். கோட்டை கட்டி முடித்த பிறகு எஃப்6 என்று சங்கிலியின் நுனியையும் இடி. ஒரே ஒரு தலைவலி, சி8இல் இருக்கும் உன் மந்திரி. உன் சொந்தச் சிப்பாயே அதை அடைத்துக்கொண்டிருக்கும், பொறுமையாக அதற்கு வழி தேட வேண்டும்.

சரி, எப்படிப் படிப்பது? திறப்புப் பட்டியலை மனப்பாடம் செய்யாதே. பள்ளி நண்பன் ஒருவனோடு இதே நிலையிலிருந்து நாளுக்கு ஒரு நகர்வு என்று வாட்ஸ்அப்பில் ஆடு. நீ கறுப்பு. ஒவ்வொரு நகர்வோடும் ஏன் அதை ஆடினாய் என்று ஒரு வரி உன் நோட்டில் எழுதிவை. ஒரு மாதம் கழித்து அந்த வரிகளைப் படித்தாலே, எந்த இடத்தில் பயத்தால் ஆடினாய், எந்த இடத்தில் யோசித்து ஆடினாய் என்று உனக்கே தெரிந்துவிடும். மூன்று ஆட்டம் இப்படி ஆடிவிட்டு எனக்கு எழுது.

கேள்வி: கைப்பேசியில் இருக்கும் ஓர் இலவச எஞ்சின், அதாவது நகர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் சதுரங்க நிரல், உலகச் சாம்பியனையே தோற்கடிக்கும் காலத்தில் தபால் சதுரங்கத்துக்கு என்ன அர்த்தம்? எதிராளி எஞ்சினைப் பார்த்துத்தானே ஆடுவார்?
கணினித் துறையில் இருப்பவர், பூச்சோங்

பதில்: நியாயமான கேள்வி, மழுப்பாமல் சொல்கிறேன். ஐசிசிஎஃப் போட்டிகளில் எஞ்சினைப் பயன்படுத்த அனுமதி உண்டு, அது ஏமாற்று வேலை இல்லை. அதனால் மேல் மட்டத்தில் ஏறக்குறைய எல்லா ஆட்டமும் டிரா ஆகிறது, கறுப்பு ஜெயிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். பெர்லினர் ஆடியது போன்ற ஆட்டம் அங்கே இனி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே பெர்லினர்தான் பிறகு கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கணினி விஞ்ஞானியாகி, 1980களில் ஹைடெக் என்ற வலுவான சதுரங்க இயந்திரத்தை உருவாக்கிய குழுவை நடத்தினார். அதற்கு முன்பே, 1979இல், அவர் எழுதிய நிரல், பகடை உருட்டி ஆடும் பேக்கேமன் ஆட்டத்தின் உலகச் சாம்பியனை ஒரு காட்சிப் போட்டியில் தோற்கடித்தது. இயந்திரத்துக்கு யோசிக்கக் கற்றுக்கொடுக்கப் புறப்பட்டவர், வருஷக்கணக்கில் ஒரே நிலையைப் பார்த்துக்கொண்டு உட்காரத் தெரிந்தவர். இயந்திரத்தை எதிரியாக நினைக்க என்னால் முடியாததற்கு அவரும் ஒரு காரணம்.

ஆனால் நம்மைப் போன்றவர்கள் ஆட வேறு இடங்கள் இருக்கின்றன. லிசெஸ், செஸ்.காம் என்ற இணையதளங்கள் இரண்டிலும் நாள் கணக்கில் ஆடும் ஆட்டம் உண்டு, அங்கே எஞ்சினுக்குத் தடை, திறப்புப் புத்தகங்களைப் பார்க்க மட்டும் அனுமதி. மீறுகிறவர்கள் இருப்பார்கள், கணக்கை முடக்குகிறார்கள். அதைவிட நல்ல வழி, தெரிந்தவர்களோடு ஆடுவது. என் பழைய மாணவர்கள் நாலு பேர், இருவர் கோலாலம்பூரில், ஒருவர் ஜோகூரில், ஒருவர் சிங்கப்பூரில், தங்களுக்குள் வாக்குக் கொடுத்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆட்டம் முடியும் வரை எஞ்சின் இல்லை. முடிந்த அன்று இரவு நாலு பேரும் சேர்ந்து எஞ்சினைத் திறந்து, யார் எங்கே எதைத் தவறவிட்டோம் என்று பார்ப்பார்கள். போன தீபாவளிக்கு வந்தபோது தே தாரே ஆறிக்கொண்டிருக்க, 17ஆவது நகர்வைப் பற்றி மாமாக் கடையில் ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டார்கள். எஞ்சின் சொன்ன விடையை ஒருவரும் ஏற்கவில்லை! அந்த ஆட்டத்துக்கு அர்த்தம் இல்லை என்று யார் வந்து சொன்னாலும் நான் கேட்கப் போவதில்லை.

கேள்வி: ஐயா, சென்ற மாதம் பிஸ்கட் டின் பற்றித் தொலைபேசியில் சொன்னபோது அடுத்த அட்டையைத் தேடச் சொன்னீர்கள். தேடினேன். ‘2725 3461’ என்று ஓர் அட்டை கிடைத்தது, அதில் அப்பா பென்சிலில் ‘3644’ என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தில் எதுவும் இல்லை. அட்டைகளை லேமினேட் செய்து மாட்டலாமா?
அதே வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இந்தக் கடிதம் இதழ் அச்சுக்குப் போகும் நேரத்தில் வந்தது, அதனால் முதல் கேள்வியோடு இதையும் சேர்க்கிறேன். 3461 என்றால் வெள்ளை மந்திரி சி4இலிருந்து எஃப்1க்குத் திரும்பியது. 3644 என்றால் கறுப்புக் குதிரை சி6இலிருந்து டி4க்கு. அம்மா, எஸ்ட்ரினும் பெர்லினரும் ஆடிய அதே வரிசை.

லேமினேட் செய்யாதீர்கள், சூட்டில் பென்சில் எழுத்தும் பழைய மையும் கெட்டுப் போகலாம், ஸ்டாம்பும் வீணாகும். நம் ஊர் ஈரக் காற்றுக்கு டின்னும் நல்லதில்லை, துருப்பிடிக்கும். அமிலம் கலக்காத தாள் உறைகளில் ஒவ்வொன்றாகப் போட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். பிறகு முத்திரைத் தேதிப்படி அடுக்குங்கள், ஒரே நேரத்தில் அப்பா பலரோடு ஆடியிருப்பார், ஒவ்வோர் எதிராளியின் ஊருக்கும் தனிக் கட்டு. நிறைய எதிராளிகள் முந்தைய நகர்வுகளையும் திரும்ப எழுதி அனுப்புவார்கள், அதனால் ஒரு கட்டில் கடைசி அட்டை கிடைத்தாலே முழு ஆட்டமும் கிடைத்துவிடும். அந்த மடக்குப் பலகையின் உள்பக்கத்தையும் பாருங்கள், காய்கள் ஏதாவது நிலையில் குத்தி வைத்திருந்தால் தயவுசெய்து கலைக்காமல் படம் எடுத்து அனுப்புங்கள்.